பனி ஓய்ந்த மறுநாள்

பனி கொட்டிக்கொண்டிருக்கும்போது மலைக்குப் போகக் கூடாது என்று யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காற்று முகத்தில் அறையும். பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. ஆள் தானாகவே அறைக்குள் அடங்கிவிடுவார். ஆபத்து அதற்குப் பிறகு வருகிறது. மேகம் கலைந்து, வானம் துலங்கி, ஒரு காலடிகூடப் படாத வெண்பனி மலை முழுக்கக் கிடக்கும் அந்த முதல் நல்ல நாளில்தான் எல்லோரும் கிளம்புகிறார்கள். பனிச்சரிவு மரணங்கள் குவிவதும் அந்த நாளில்தான். புயல் ஓய்ந்த முதல் நாளும் அதற்கடுத்த நாளும் மலைநாடுகளின் விபத்துக் கணக்குகளில் தனித்துத் தெரிகின்றன.

காஷ்மீரின் குல்மார்க்கை எடுத்துக்கொள்வோம். இந்தியாவில் பனிச்சறுக்குக்குப் பெயர்போன இடம். ஊர் 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து கோண்டோலா என்னும் கம்பிவட ஊர்தி இரண்டு கட்டங்களாக ஏறி, அஃபர்வாத் மலையில் ஏறத்தாழ 3,950 மீட்டர் உயரத்தில் கொண்டுபோய் விடுகிறது. கோண்டோலாவை ஒட்டிய சரிவுகளை ரோந்துக் குழுவினர் கண்காணிக்கிறார்கள். புதுப்பனி அளவுக்கு மீறிச் சேர்ந்துவிட்டால், ஆளில்லாத நேரத்தில் வெடிவைத்துத் தாங்களே அதைச் சரித்துவிட்டு, அதன் பிறகே ஆட்களை விடுகிறார்கள். அந்த எல்லையைத் தாண்டி இடமோ வலமோ திரும்பினால் அது காவலில்லாத மலை. அங்கே எந்தச் சரிவையும் யாரும் சோதித்திருக்க மாட்டார்கள். பார்க்கிறவர் கண்ணுக்கு இரண்டும் ஒரே பனிதான்.

2023 பிப்ரவரி 1 அன்று, கனத்த பனிப்பொழிவு முடிந்து அதிக நாள் ஆகாத நிலையில், அஃபர்வாத்தில் பனிச்சரிவு ஏற்பட்டது. பனிச்சறுக்குக்கு வந்திருந்த 21 வெளிநாட்டினரும் உள்ளூர் வழிகாட்டிகள் இருவரும் அதில் மாட்டிக்கொண்டார்கள். போலந்து நாட்டவர் இருவர் இறந்தார்கள். மற்றவர்களை மீட்க முடிந்தது. 2024 பிப்ரவரி 22 அன்று குல்மார்க்கின் மேற்பகுதியில் இன்னொரு சரிவு. ரஷ்ய நாட்டவர் ஒருவர் பலியானார். அவற்றுக்கெல்லாம் முன்பு, 2010 பிப்ரவரி 8 அன்று, அதே மலையின் கிலன்மார்க் பகுதியில், இராணுவத்தின் உயர்மலைப் போர்ப் பயிற்சிப் பள்ளியைச் சேர்ந்த 17 வீரர்கள் பனிச்சரிவில் மாண்டார்கள். பனியில் பிழைத்திருப்பதைக் கற்றுத் தருகிற பள்ளி அது. உடல் வலிமையும் அனுபவமும் மட்டுமே ஒருவரைக் காப்பாற்றிவிடும் என்று நினைப்பவர்கள் இந்தக் கடைசி நிகழ்ச்சியை மறக்கக் கூடாது.

ஏன் சரிகிறது? மலையில் கிடக்கும் பனி ஒரே கட்டியாக இருப்பதில்லை. ஒவ்வொரு பொழிவும் ஒவ்வொரு அடுக்கு. காஷ்மீரில் டிசம்பர் 21 தொடங்கி நாற்பது நாள் நீளும் கடுங்குளிரைச் சில்லை கலான் என்பார்கள். அந்த நாட்களில் பனி மெல்லியதாகப் பெய்து நின்றுவிட்டால் தரையை ஒட்டிய பனி சுழியம் டிகிரிக்கு அருகில் இருக்கும், மேற்பரப்போ கடுங்குளிரில் உறைந்து கிடக்கும். இந்த வெப்ப வேறுபாட்டால் கீழிருந்து நீராவி மேலேறும். வழியில் இருக்கும் பனித்துகள்கள் கோணல்மாணலான படிகங்களாக மாறும். ஒன்றோடொன்று ஒட்டாத படிகங்கள். கையில் அள்ளினால் ரவைபோல் உதிரும். பத்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஒரு டிகிரி என்ற அளவைத் தாண்டி வெப்பம் மாறினாலே இந்த மாற்றம் தொடங்கிவிடும். மேகமில்லாத குளிர் இரவுகளில் பனியின் மேற்பரப்பிலும் இறகு வடிவில் உறைபனிப் படிகங்கள் வளர்வதுண்டு. பார்க்க மிக அழகாக இருக்கும். அவற்றின் மேல் அடுத்த பொழிவு விழுந்து மூடிவிட்டால் அங்கே ஒரு நலிந்த அடுக்கு ஒளிந்துகொள்கிறது. வாரக்கணக்கில் அது அப்படியே கிடக்கும்.

2024இல் குல்மார்க்கில் நடந்ததை வரிசையாகப் பாருங்கள். ஜனவரியில் பனியே இல்லை என்று ஊரே கவலைப்பட்டது. வெறும் மண் தெரிந்த படங்கள் நாடெங்கும் செய்தியாயின. மாதக் கடைசியில் பனி தொடங்கியது. பிப்ரவரியில் கொட்டித் தீர்த்தது. அதன் பின்னாலேயே சரிவு வந்தது. வறண்ட முன்குளிரும் திடீரென்று வரும் பெரும்பொழிவும் அடுத்தடுத்து அமையும் ஆண்டை மலை தெரிந்தவர்கள் நம்புவதில்லை. பனி குறைவாக இருந்த ஆண்டு ஆபத்தும் குறைவாக இருக்கும் என்று வெளியாட்கள் நினைக்கிறார்கள். உண்மை பெரும்பாலும் அதற்கு நேர்மாறானது.

இந்த நலிந்த அடுக்கின் மேல் புதுப்பனி ஒட்டுமொத்தமாக ஒரு பலகையாக இறுகுகிறது. அதன் எடையைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஐம்பது மீட்டர் அகலம், நாற்பது மீட்டர் நீளம், அரை மீட்டர் கனம். மலையில் இது சின்னத் துண்டு. கனமீட்டருக்கு நூறு கிலோ என்று மிகக் குறைவாக வைத்துக்கொண்டாலும் மொத்தம் நூறு டன். அந்த நூறு டன்னும் உதிரிப் படிகங்களின் மேல் சாய்ந்து கிடக்கிறது. நலிந்த அடுக்கில் ஓரிடம் நொறுங்கினால் நொறுங்கல் அடுக்கு முழுக்கப் பரவும். பலகை விளிம்பில் வெடித்துக் கழன்று, சில நொடிகளில் மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தை எட்டிவிடும்.

இதில் காற்றின் பங்கு பனிப்பொழிவைவிடப் பெரியதாகவே இருக்கலாம். வானத்திலிருந்து முப்பது சென்டிமீட்டர்தான் விழுந்திருக்கும். காற்று அதை மலைமுகட்டின் ஒரு பக்கத்திலிருந்து வாரி மறுபக்கத்தில் கொட்டியிருக்கும். அந்த மறைவுச் சரிவில் அதைப்போல் பல மடங்கு சேர்ந்திருக்கும். ஆகவே ஊரில் நின்று இரவு எவ்வளவு பெய்தது என்று அளந்து பார்த்து மேலே உள்ள நிலையை முடிவுசெய்ய முடியாது. எந்தப் பக்கத்திலிருந்து காற்று வீசியது என்று கேட்கத் தெரிந்திருக்க வேண்டும். முகட்டின் ஓரத்தில் பனி வெளியே துருத்திக்கொண்டு தொங்கினால், அதற்கு நேர் கீழே உள்ள சரிவுதான் சுமையேறிய சரிவு.

சாய்வின் கோணமே எல்லாவற்றையும்விட முக்கியம். பனிப்பலகைகள் பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி வரையுள்ள சரிவுகளில்தான் கழல்கின்றன. 38 டிகிரியை ஒட்டி மிக அதிகம். 45 டிகிரியைவிடச் செங்குத்தான இடத்தில் பனி தங்காமல் அவ்வப்போது உதிர்ந்துவிடும். 30 டிகிரியைவிடத் தாழ்ந்த இடத்தில் இழுக்கும் விசை போதாது. சறுக்கி விளையாடுவதற்கு மனிதர்களுக்கு மிகவும் பிடித்த கோணமும் இதே 30 முதல் 45தான் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். கோணத்தைக் கண்ணால் மதிப்பிடுவது நம்பத்தகாதது. கைக்கு அடக்கமான சாய்வுமானிகள் கிடைக்கின்றன. கைப்பேசியிலும் அதற்கான செயலி உண்டு. 30 டிகிரிக்குக் குறைந்த சரிவிலேயே நடப்பது, தலைக்கு மேலேயும் அதைவிடச் செங்குத்தான சரிவு இல்லாதபடி பார்த்துக்கொள்வது என்ற ஒரே பழக்கம் வேறெந்தக் கருவியையும்விட அதிக உயிர்களைக் காக்கும். இரண்டாவது பாதியை மறந்துவிடக் கூடாது. தட்டையான அடிவாரத்தில் நடந்து போகிறவரின் எடையே நலிந்த அடுக்கை நொறுக்கி, நொறுங்கல் மேல்நோக்கிப் பரவி, மேலிருக்கும் பனியை அவர் தலையில் இறக்கிவிட முடியும்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தை விலக்க வேண்டியிருக்கிறது. உரக்கக் கத்தினால் பனி சரிந்துவிடும் என்பது திரைப்படங்களில் வருவது. மனிதக் குரலுக்கு அந்தச் சக்தி கிடையாது. மனிதரின் எடைக்கு உண்டு. பொழுதுபோக்குக்காகவும் விளையாட்டுக்காகவும் மலைக்குப் போய்ப் பனிச்சரிவில் இறந்தவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேரின் விஷயத்தில் சரிவைக் கிளப்பியது அவரோ அவருடைய கூட்டாளியோதான் என்று ஐரோப்பிய, வட அமெரிக்க ஆய்வுகள் காட்டுகின்றன. பனிச்சரிவை வானத்திலிருந்து விழும் விதியாகப் பேசுவதை நாம் நிறுத்த வேண்டும். பெரும்பாலான நேரங்களில் அது காலடியில் தொடங்குகிறது. ஆகவே அதைத் தவிர்க்கவும் முடியும்.

மலை பல நேரங்களில் வெளிப்படையாகவே எச்சரிக்கிறது. பக்கத்துச் சரிவில் புதிதாகச் சரிந்த தடம் தெரிந்தால், அதே திசை பார்த்த, அதே சாய்வுள்ள எல்லாச் சரிவும் அன்றைக்குச் சந்தேகத்துக்குரியது. நடக்கும்போது காலடிப் பனி ‘தும்’ என்ற அடங்கிய ஓசையோடு சட்டென்று அமுங்கினால், உள்ளே நலிந்த அடுக்கு நொறுங்கிவிட்டது என்று அர்த்தம். காலிலிருந்து விரிசல் பிரிந்து ஓடினாலும் அப்படியே. திடீரென்று வெயில் ஏறி வெப்பம் கூடுவதும் கெட்ட அறிகுறி. இவற்றில் ஒன்றைக் கண்டாலும் அந்தச் சரிவில் அடுத்த அடி வைக்கக் கூடாது. வந்த தடத்திலேயே தாழ்ந்த சாய்வுக்குத் திரும்ப வேண்டும்.

சிக்கிக்கொண்டால் என்ன ஆகும் என்பதையும் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும். ஓடும்போது புகைபோலத் தெரியும் பனி, நின்ற நொடியில் இறுகிவிடும். உள்ளே இருப்பவரால் விரலைக்கூட அசைக்க முடியாது. நான்கில் ஒரு பங்கினர் மரத்திலோ பாறையிலோ மோதி இறக்கிறார்கள். மற்றவர்களில் பெரும்பாலோர் தாங்கள் விட்ட மூச்சையே திரும்பச் சுவாசித்து மூச்சடைத்து இறக்கிறார்கள். சுவிட்சர்லாந்தில் 1981 முதல் 2020 வரை பதிவான விபத்துகளை ஆராய்ந்து 2024இல் வெளியான முடிவு இது: பத்து நிமிடத்துக்குள் தோண்டி எடுக்கப்பட்டவர்களில் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அரைமணி நேரத்தில் அது பத்தில் மூன்றாகச் சரிகிறது. ஹெலிகாப்டர் வரும் வேகத்தில் உலகிலேயே முன்னணியில் நிற்கும் நாட்டின் கணக்கு இது.

தமிழர்கள் பலரின் மனத்தில் பனிச்சரிவு என்றால் முதலில் வருவது சியாச்சின். 2016 பிப்ரவரி 3 அன்று சோனம் காவல்நிலையில் மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் 19ஆவது பட்டாலியனைச் சேர்ந்த பத்து வீரர்கள் புதைந்தார்கள். நால்வர் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள். ஆறு நாள் கழித்து, இருபத்தைந்து அடி ஆழத்தில், கர்நாடகத்தைச் சேர்ந்த லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா உயிரோடு கண்டெடுக்கப்பட்டார். நாடே வேண்டிக்கொண்டது, ஆனாலும் பிப்ரவரி 11 அன்று டெல்லி இராணுவ மருத்துவமனையில் அவரும் இறந்துபோனார். அவருடைய உறுதியை நாம் போற்ற வேண்டியதுதான். ஆனால் அந்தச் செய்தி நம்மிடையே ஒரு நம்பிக்கையையும் விட்டுச் சென்றிருக்கிறது: புதைந்தவர் நாட்கணக்கில் தாங்குவார், மீட்புப் படை வந்துவிடும் என்று. அங்கே சரிந்தது பெரும் பனிச்சுவர். அவர் இருந்த கூடாரம் காற்றுக்கு இடம் வைத்திருந்தது. திறந்த சரிவில் பனிப்பலகையோடு உருண்டு புதைகிறவருக்கு அந்த இடமும் கிடைக்காது, ஆறு நாளும் கிடைக்காது. அவருக்கு இருப்பது பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்தில் உதவக் கூடியவர்கள் உடன் வந்தவர்கள் மட்டுமே.

அதனால்தான் மூன்று கருவிகள் இல்லாமல் காவலில்லாத பனிமலைக்குள் யாரும் போகக் கூடாது என்கிறார்கள். உடலோடு கட்டிய டிரான்ஸீவர், மடக்கி விரிக்கும் துழாவுகம்பி, உலோக மண்வாரி. டிரான்ஸீவர் உலகெங்கும் 457 கிலோஹெர்ட்ஸ் என்ற ஒரே அலைவரிசையில் குறிப்பு அனுப்புகிறது. ஒருவர் புதைந்தால் மற்றவர்கள் தங்களுடையதைத் தேடும் நிலைக்கு மாற்றி அவர் இருக்கும் இடத்தை நெருங்கலாம். நெருங்கிய பின் கம்பியால் குத்தித் துல்லியமான இடம் காண வேண்டும். பிறகு தோண்ட வேண்டும். ஒரு மீட்டர் ஆழத்தில் இருப்பவரை எடுக்க ஒரு டன்னுக்கு மேல் பனியை அள்ளிப்போட வேண்டியிருக்கும். கையால் அது நடக்காது. நேர் மேலிருந்து தோண்டாமல், கம்பி நிற்கும் இடத்துக்குச் சற்றுக் கீழ்ப்புறம் நின்று உள்நோக்கித் தோண்டுவதுதான் முறை. உதவி கேட்டு ஆளனுப்பிவிட்டுக் காத்திருந்தால் அந்த நேரத்தில் உயிர் போய்விடும். முதலில் தேடல், அதன் பிறகே தொலைபேசி. புறப்படும் இடத்திலேயே ஒவ்வொருவரின் கருவியும் வேலை செய்கிறதா என்று சோதிப்பதும், சந்தேகமான சரிவை ஒருவர் பின் ஒருவராகக் கடப்பதும், கடப்பவரை மற்றவர்கள் கண்ணெடுக்காமல் பார்த்திருப்பதும் இதன் தொடர்ச்சியே. கடைசியாக அவரைக் கண்ட இடம் தெரிந்தால்தான் தேடலை எங்கே தொடங்குவது என்று தெரியும். பயிற்சியில்லாதவர் கையில் இந்தக் கருவிகளால் பயன் குறைவு. மேலும், இவையெல்லாம் தவறு நடந்த பின்புதான் உதவுகின்றன. மரத்தில் மோதியவரை டிரான்ஸீவர் காப்பாற்றாது.

எச்சரிக்கை அறிக்கைகளை வாசிக்கவும் பழக வேண்டும். ஐரோப்பாவில் 1993 முதல் ஐந்து படிகள் கொண்ட பொது அளவு பயன்படுகிறது. நான்கும் ஐந்தும் வந்தால் ஊரே ஒதுங்கிவிடுகிறது. ஏறத்தாழப் பாதி மரணங்கள் மூன்றாம் படியில் நிகழ்கின்றன. ஐந்தில் மூன்று என்றால் நடுத்தரம், பார்த்துப் போனால் போதும் என்று மனம் சொல்கிறது. மூன்றாம் படியில் ஒரே ஆளின் எடை பல சரிவுகளில் பனியைக் கிளப்பப் போதும். அதை அப்படித்தான் படிக்க வேண்டும். இந்தியாவில் இமயத்தின் பனிச்சரிவு முன்னறிவிப்பைப் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ.வின் கீழ் சண்டிகரில் இயங்கும் டி.ஜி.ஆர்.இ. நிறுவனம் வெளியிடுகிறது. 1969இல் மணாலியில் தொடங்கப்பட்ட பனி-பனிச்சரிவு ஆய்வகத்தின் வழிவந்தது அது.

2025 பிப்ரவரி 27 மாலை அந்த நிறுவனம் உத்தராகண்டின் சமோலி உள்ளிட்ட மாவட்டங்களின் உயர்பகுதிகளுக்கு எச்சரிக்கை விடுத்தது. மறுநாள் காலை பத்ரிநாத்துக்கு அப்பால் மானா கிராமத்தருகே எல்லைச் சாலை அமைப்பின் முகாம்மீது பனி சரிந்தது. 54 தொழிலாளர்கள் சிக்கினார்கள். 46 பேர் மீட்கப்பட்டார்கள். எட்டுப் பேர் இறந்தார்கள். பிழைத்தவர்களில் பலரைக் காப்பாற்றியது அவர்கள் தங்கியிருந்த இரும்புக் கன்டெய்னர்கள். முன்னறிவிப்பு இருந்தும் அதன் கீழே மனிதர்கள் இருந்தார்கள். விரும்பி மலைக்குப் போகும் நமக்குத் திரும்பி வரும் உரிமை இருக்கிறது. கூலிக்குச் சாலை போடப் போனவர்களுக்கு அது எளிதில் கிடைப்பதில்லை. எச்சரிக்கை வந்தால் முகாமைக் காலி செய்வதை விதியாக்க வேண்டும் என்பதை இந்தக் கட்டுரையில் சொல்லாமல் விட முடியாது.

அறிந்தவர்களும் ஏன் போய்ச் சிக்குகிறார்கள்? அமெரிக்க ஆய்வாளர் இயன் மெக்காமன், எழுநூறுக்கு மேற்பட்ட விபத்துகளை ஆராய்ந்து 2004இல் எழுதியது இன்றும் மலைப்பயிற்சிகளில் பாடமாக இருக்கிறது. பழகிய இடம் என்ற நம்பிக்கை. கூட வந்தவர் தேர்ந்தவர், அவருக்குத் தெரியும் என்ற எண்ணம். இத்தனை தூரம் வந்துவிட்டோம் என்ற தவிப்பு. முன்னே யாரோ போன தடம். மற்றவர் போவதற்குள் நாம் போய்விட வேண்டும் என்ற அவசரம். அறிகுறிகள் கண்ணெதிரே இருந்தும் இவை தீர்மானத்தைத் திருப்பிவிடுகின்றன. 2012 பிப்ரவரி 19 அன்று அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், ஸ்டீவன்ஸ் பாஸ் அருகே டனல் க்ரீக் என்ற இடத்தில் நடந்தது இதற்குச் சரியான உதாரணம். புயல் ஓய்ந்த மறுநாள். இரண்டரை அடிப் புதுப்பனி. எச்சரிக்கை அறிக்கை கைப்பேசியிலேயே இருந்தது. போனவர்கள் பதினாறு பேர், பெரும்பாலோர் கைதேர்ந்தவர்கள். சிலருக்கு உள்ளுக்குள் தயக்கம் இருந்ததாகப் பின்னால் சொன்னார்கள். அப்போது யாரும் வாய்திறக்கவில்லை. மூன்று பேர் இறந்தார்கள். குழுவில் மிகவும் புதியவர் ‘வேண்டாம்’ என்றாலும் அன்றைய திட்டத்தைக் கைவிடுவது என்று முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ளும் குழுதான் நல்ல குழு.

பனிச்சறுக்குக்குப் போகாதவர்களுக்கும் இது பொருந்தும். 2023 ஏப்ரல் 4 அன்று சிக்கிமில் கேங்டாக்கிலிருந்து நாதுலா போகும் சாலையில் ஏழு சுற்றுலாப் பயணிகள் பனிச்சரிவில் இறந்தார்கள். அன்றைக்கு அனுமதி 13ஆம் மைல் வரைதான். சரிவு நடந்தது 15ஆம் மைல் அருகே. படம் எடுக்க இறங்கும் சரிவு, சாலை மூடப்பட்ட பலகைக்கு அப்பால் இன்னும் கொஞ்ச தூரம், ஓட்டுநரிடம் ‘போங்கண்ணா, ஒண்ணும் ஆகாது’ என்று சொல்லும் அவசரம். இவையெல்லாம் அந்த நாளை நினைத்துக் கைவிட வேண்டியவை. பனிச்சரிவுப் பாதையில் வண்டியை நிறுத்தக் கூடாது. மரங்கள் இல்லாமல் மேலிருந்து கீழ்வரை ஒரு பட்டை தெரிந்தால் அதுதான் பாதை. போன சரிவுகளே அந்த மரங்களை வாரிக்கொண்டு போயிருக்கும்.

கேதார்காந்தா, பிரம்மதால் என்று குளிர்கால மலையேற்றங்களுக்குச் சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் இளைஞர்கள் நிறையப் போகிறார்கள். அந்தப் பாதைகளில் பெரும்பகுதி தாழ்ந்த சாய்வு. புதுப்பனிக்குப் பின் உச்சியை ஒட்டிய சரிவுகளைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. பனிச்சரிவு ஆழ்குளிர் மாதங்களுக்கு மட்டும் உரியதும் அல்ல. 2022 அக்டோபர் 4 அன்று, உத்தராகண்டின் திரௌபதி கா டண்டா சிகரத்தில், நேரு மலையேற்றப் பயிற்சி நிறுவனத்தின் குழு பனிச்சரிவில் சிக்கியது. 27 உடல்கள் மீட்கப்பட்டன, இருவர் கிடைக்கவேயில்லை. அதே ஆண்டு மே மாதத்தில் எவரெஸ்ட்டையும் மகாலுவையும் பதினாறே நாட்களில் ஏறிய பயிற்றுநர் சவிதா கன்ஸ்வால் இறந்தவர்களில் ஒருவர். அங்கே அனுபவத்துக்குக் குறைவில்லை.

இந்தக் குளிர்காலத்தில் மலையேற்ற நிறுவனம் ஒன்றுக்கு முன்பணம் கட்டப் போகிறீர்கள் என்றால் அதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். பனி பெய்த மறுநாள் உச்சிக்குப் போவதா வேண்டாமா என்பதை யார், எதை வைத்து முடிவு செய்கிறார்கள்? 30 டிகிரிக்கு மேற்பட்ட சரிவைக் கடக்க வேண்டிய இடம் வழியில் எங்கே இருக்கிறது, அங்கே ஒவ்வொருவர் உடலிலும் டிரான்ஸீவர் இருக்குமா? பாதியில் திரும்ப நேர்ந்தால் காத்திருப்பு நாள் அட்டவணையில் உண்டா? நேரான பதில் வரவில்லை என்றால் பணத்தைக் கட்டாதீர்கள். போன பிறகு வழிகாட்டி ‘இன்றைக்கு வேண்டாம்’ என்று சொன்னால், கட்டிய பணத்தைக் காட்டி அவரோடு வாதாடாதீர்கள்.